கண்டியில் ஐந்து நாட்கள் யாரும் சாகவில்லை

உலாவி அந்த எச்சரிக்கையை முதன்முதலாக எனக்குக் காட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பதுக்கு. சுபஹ் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீயை மேசையில் வைத்து மடிகணினியைத் திறந்திருந்தேன். விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சியின் பெயருக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது. இந்த நீட்சி புதிய விதிகளுக்கு அமைய எழுதப்படவில்லை, விரைவில் இயங்காமல் போகலாம் என்றது. நேரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். தேநீர் ஆறிவிட்டது.

நீட்சி என்பது உலாவியோடு நாமே பொருத்திக்கொள்ளும் ஒரு சிறு நிரல். என்னுடையது விளம்பரங்களைத் தடுத்தது. உலகத்துப் பெரிய தளங்களின் விளம்பரங்களைத் தடுக்க எங்கோ இருக்கும் நல்லவர்கள் பட்டியல் எழுதித் தருகிறார்கள். நம்முடைய தமிழ்ச் செய்தித் தளங்களின் விளம்பரங்களை யார் எழுதித் தருவார்கள்? நானே எழுதினேன். ஒரு வரி எழுதினால் அதற்கு மேல் எழுதிய திகதியையும் குறித்து வைப்பேன். கண்டியில் ஒரு நில அளவையாளரிடம் படவரைஞனாக வேலை பார்க்கிறவன் நான். திகதியில்லாத வரைபடம் செல்லாது என்ற பாடம் விரல்களில் ஊறிவிட்டது. மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம், அக்குறணையில் வெள்ளம் ஏறிப் பஸ் நின்ற நேரம் எல்லாம் என் கொப்பிகளில் இருக்கின்றன. மொத்தம் முப்பத்தொரு கொப்பிகள்.

அந்தப் பட்டியல் எனக்கு மட்டும் என்றால் இவ்வளவு படபடப்பு வந்திருக்காது. அதை என்னைவிட அதிகம் நம்பியிருந்தவர் ஒபரேட்டர் அக்கா.

ஒபரேட்டர் அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே அவருடைய குரல் எனக்குத் தெரியும். வரைபட அனுமதிக்காக நான் அடிக்கடி அழைக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தார். "வணக்கம்" என்று நான் தொடங்குவதற்குள், "ஓம் தம்பி, அலவத்துகொட. பொறுங்கோ, தாறன்" என்று குரலை வைத்தே என் ஊரைச் சொல்லி, சரியான மேசைக்கு இணைத்துவிடுவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்பது அவர் ஓய்வு பெற்ற அன்று நேரில் போனபோதுதான் தெரியும். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இருப்பது கண்டியில், மஹய்யாவ.

ஓய்வுக்குப் பிறகும் அவர் இணைப்பதை விடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு மடிகணினியைத் திறப்பார். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் நிரல் அதில் உண்டு, நான் பொருத்திக் கொடுத்த நீட்சியும் என் பட்டியலும் உண்டு. நான்கு தமிழ்ச் செய்தித் தளங்களைக் கேட்டு முடித்து, சரியாக ஏழு மணிக்குப் பத்து நிமிடக் குரல் பதிவு ஒன்றைத் தன் கைபேசியிலிருந்து பதினான்கு பேருக்கு அனுப்புவார். எல்லாரும் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் பார்வையற்றவர்கள். எனக்கும் ஒரு பிரதி வரும். மின்வெட்டு நேரம், மண் சரிந்து மூடிய வீதி, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் முதலில் வருவது எப்போதும் மரண அறிவித்தல்தான். முஸ்லிம் வீட்டு மரணம் என்றால் சில மணி நேரத்தில் நல்லடக்கம் முடிந்துவிடும். பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். தகப்பனின் பழைய கூட்டாளிகளின் இலக்கம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் இணையத்தில் அறிவித்தல் போடுகிறார்கள். கண் தெரியாத கூட்டாளிக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது?

"மரண அறிவித்தல் இல்லாட்டில் என்ர செய்தி செய்தியே இல்லைத் தம்பி" என்பார் அக்கா. "அரசியல்வாதி பேசினதை நாளைக்குக் கேட்டாலும் அவன் அதைத்தான் பேசுவான். செத்தவர் நாளைக்கு மட்டும் காத்துக்கொண்டிருப்பாரே?"

அந்த எச்சரிக்கையைப் பார்த்த நாளிலிருந்து புதிய விதிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மதிய இடைவேளையில் வாசித்தேன், பஸ்ஸில் வாசித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் அசையாமல் நின்ற நாட்களில் மற்றவர்கள் சாரதியைத் திட்டிக்கொண்டிருக்க நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன்.

விடயம் இதுதான். ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் பெட்டியையும் உலாவி எங்கிருந்தோ கேட்டு வரவழைக்கிறது. பழைய நீட்சி வாசலில் நின்று வருகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தக் கணத்தில் முடிவெடுக்கும். புதிய விதியில் வாசலில் யாரும் நிற்க முடியாது. எதை விடக்கூடாது, எதை விடலாம் என்பதை முன்கூட்டியே பட்டியலாக எழுதி உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு உலாவியே பார்த்துக்கொள்ளும். பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு.

இதில் நியாயம் இல்லாமலில்லை. வாசலில் நிற்கிறவன் நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கிறான். அவன் கெட்டவனாக இருந்தால் வங்கிக் கணக்குவரை போய்விடும். பட்டியல் எதையும் பார்ப்பதில்லை. மறுபக்கம், விளம்பரக்காரர்கள் கிழமைக்கு ஒரு புதுத் தந்திரம் செய்கிறார்கள். முன்கூட்டியே எழுதிய பட்டியல் அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓட வேண்டும். உலகத்தில் பெரும்பாலானோர் பாவிக்கும் உலாவியைச் செய்கிறவர்களுக்கு விளம்பரமும் வியாபாரம் என்பதை நினைத்தால் என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் நீளும். இரண்டையும் கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், சந்தேகத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. பட்டியல்தானே கேட்கிறார்கள்? என் வாழ்நாள் முழுக்க நான் எழுதியது பட்டியல்தான்! அப்படியானால் ஒரு நீட்சியை நானே செய்ய முடியும்.

"ஊட்டுல பைப்பு ஒழுகுது ரெண்டு மாசமா" என்றாள் மனைவி. "அதுக்கும் ஒரு ரூல் எழுதுங்களே."

எழுதி முடிப்பதற்குள் அக்காவின் கணினியில் பழையது நின்றுவிட்டது. பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து நகரத்தில் வீதித் தடைகளை அகற்றிய வாரம், புதன்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்கு அக்கா அழைத்தார்.

"தம்பி, என்ர கொம்பியூட்டருக்குப் பேய் பிடிச்சிட்டுது. ஒரு செய்தி எடுக்க முதல் ஒன்பது விளம்பரம் வாசிக்குது. கடன் வேணுமோ எண்டுது. முகம் வெள்ளையாக வேணுமோ எண்டு என்னட்டக் கேக்குது. ஆரிட்ட? என்னட்ட!"

"அக்கா, அந்த நீட்சிய நிப்பாட்டிட்டாங்க. நான் புதுசொன்டு செஞ்சிட்டு ஈக்கிறேன்."

"எப்ப முடியும்?"

அன்று அவருடைய பதிவு பத்து மணிக்குத்தான் வந்தது. வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு. வெள்ளிக்கிழமை பதினொன்று தாண்டிவிட்டது. பழைய நீட்சியை இன்னும் அனுமதிக்கும் வேறு உலாவிகள் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அக்காவின் விரல்கள் பத்து வருடமாகப் பழகிய குறுக்குவழிகள் எல்லாம் இந்த ஒன்றில்தான். கண் உள்ளவர்களுக்கு உலாவியை மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி. அவருக்கு அது வீடு மாறுவது.

"சனிக்கிழமைக்குள்ள சரிவராட்டில் நான் இதை நிப்பாட்டிறன்" என்றார். "ஏழு மணிக்கு வராத செய்தி எனக்கும் வேண்டாம், கேக்கிற சனத்துக்கும் வேண்டாம்."

அதைச் சொன்ன குரல் அலுவலகத்தில் "அந்த ஐயா இண்டைக்கு வரேல்லை" என்று சொல்லும் குரல்தான். அதில் கோபமோ அழுகையோ இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தவன் அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு மட்டும் எழுந்தேன். என் பழைய வரிகளை ஒவ்வொன்றாகப் புதிய வடிவத்துக்கு மாற்றினேன். ஒரு விதி எழுதினால் அதற்கு ஒரு முன்னுரிமை எண்ணும் கொடுக்கலாம். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் பெரிய எண் உள்ளது வெல்லும். எதை எண்ணாகக் கொடுப்பது என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் திகதி இருக்கிறதே! வருடம், மாதம், நாள் மூன்றையும் இடைவெளியில்லாமல் எழுதினால் அழகான எட்டு இலக்க எண். பிந்திய திகதிக்குப் பெரிய எண். புதிய வரைபடம் பழைய வரைபடத்தை வெல்லுவது எங்கள் தொழிலில் இயல்பான நீதி. உலகத்தில் யாருடைய நீட்சியிலும் இவ்வளவு ஒழுங்கான எண்கள் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மஹய்யாவவில் அக்காவின் மேசையில் அதைப் பொருத்தினேன். உலாவியின் மேல் வரிசையில் என் நீட்சியின் அடையாளம் வந்து நின்றது. பச்சை நிறச் சதுரம், நானே வரைந்தது. இந்த வயதில் அதைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அக்கா முதல் தளத்தைத் திறந்தார். வாசிப்புக் குரல் தலைப்பைச் சொன்னது, அடுத்து நேரே செய்தி. அடுத்த தலைப்பு, அடுத்த செய்தி. நடுவில் கடனும் இல்லை, வெள்ளை முகமும் இல்லை.

அக்கா கதிரையில் சாய்ந்தார். "தம்பி, றோட்டுக்குக் கார்ப்பெற் போட்ட மாதிரிக் கிடக்கு!"

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், நான்கு நாளும் பதிவு ஏழு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் வந்தது. புதன்கிழமை ஆறு ஐம்பத்தெட்டுக்கே வந்துவிட்டது. அந்த நேரத்தை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். ஒவ்வொரு பதிவும் ஒரே வசனத்தோடு தொடங்கியது: இன்று மரண அறிவித்தல்கள் இல்லை.

வியாழக்கிழமைப் பதிவில் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இண்டைக்கும் மரண அறிவித்தல் இல்லை. ஐஞ்சு நாளா ஒருத்தரும் சாகேல்லை. யமனும் பெரஹரா பாக்க வந்து களைச்சுப்போய் லீவில நிக்கிறான் போல."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே கொப்பியில் எழுதினேன்: தொடர்ந்து ஐந்தாவது நாள், மரண அறிவித்தல் இல்லை. எழுதிய வரியைப் பார்க்க உற்சாகம் பொங்கியது. இது ஒரு சாதனை அல்லவா? இதற்கு முன் எத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருந்திருக்கிறது? எந்த அதிசயத்தையும் முந்தியவற்றோடு ஒப்பிடாமல் எனக்குத் தூக்கம் வராது. அலுமாரியைத் திறந்து பழைய கொப்பிகளை எடுத்தேன். அக்காவின் பதிவு தொடங்கிய நாளிலிருந்து தினமும் எத்தனை அறிவித்தல் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். இரண்டு. ஒன்று. நான்கு. இல்லை. மூன்று. ஒருநாள் இல்லாமல் இருந்திருக்கிறது. இரண்டு நாள் இல்லாமல் இருந்தது ஒரேயொரு தரம். மூன்று நாள்? எந்தக் கொப்பியிலும் இல்லை.

கையிலிருந்த கொப்பியை மூடினேன். கண்டியில் சாவு நிற்கவில்லை. நான்தான் அதை நிறுத்தியிருக்கிறேன்.

ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. அந்தத் தளங்களில் மரண அறிவித்தலும் காசு கொடுத்துப் போடும் பெட்டிதான். கடன் விளம்பரம் வரும் அதே இடத்திலிருந்துதான் அதுவும் வருகிறது. முதல் வருடமே இது எனக்குத் தெரியும். மரண அறிவித்தல்களை மட்டும் விட்டுவிடு என்று அப்போதே ஒரு விலக்கு எழுதியிருந்தேன். பழைய நீட்சியில் விலக்கு என்றால் விலக்குத்தான். எந்தத் தடையாலும் அதைத் தாண்ட முடியாது. புதிய பட்டியலில் நான் அதற்கு முதல் வருடத்துத் திகதியை எண்ணாகக் கொடுத்தேன். அந்த இடத்திலிருந்து வரும் எல்லாவற்றையும் தடுக்கும் வரி போன வருடம் எழுதியது. பிந்திய திகதி, பெரிய எண். என் அழகான நீதி விலக்கைத் தோற்கடித்துவிட்டது. எண்ணே கொடுக்காமல் விட்டிருந்தால்கூட விலக்கு வென்றிருக்கும். சமமான எண்களுக்குள் விடச் சொல்லும் விதிதான் வெல்லும் என்று விதிமுறையில் எழுதியிருக்கிறது. அதையும் வாசித்துக் கோடிட்டவன் நான்.

என் கணினியில் அந்தத் தடையை அணைத்துப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக முகங்கள் வந்தன. ஐந்து நாள் முகங்கள்.

ஏழு இருபத்தாறுக்கு அக்காவை அழைத்தேன்.

"அக்கா, யமன் லீவுல இல்ல. நான்தான் அவன மறைச்சு வெச்சிட்டேன்."

நடந்ததை இரண்டு வசனத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம்.

"வாசியுங்கோ. இண்டைக்கு நடக்கிறதில இருந்து வாசியுங்கோ. பிழை ஆருடையது எண்டதைப் பிறகு பாப்பம்."

வாசித்தேன். முதலாவது வத்தேகமவில், பின்னேரம் மூன்று மணிக்கு. அக்கா "ம், அடுத்தது" என்றார். இரண்டாவது கம்பளை. பஸ் நிலையத்துக்கு முன்னால் முப்பது வருடம் இரும்புக் கடை நடத்தியவர். நல்லடக்கம் இன்று காலை பத்து மணிக்கு.

"நில்லுங்கோ" என்றார் அக்கா. "இரும்புக் கடையோ? லைனிலயே நில்லுங்கோ தம்பி, வைக்கப்படாது."

கைபேசியில் சின்ன இசை கேட்டது. பத்து விநாடிகூட இல்லை. அக்கா மூன்றாவது ஆளை எங்கள் அழைப்புக்குள் கொண்டுவந்துவிட்டார். அது கெலிஓயாவில் இருக்கும் நானா; எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போன பழைய வியாபாரி. அக்காவின் பதிவை முதல் நாளிலிருந்து கேட்பவர்.

"செல்லுங்க தங்கச்சி" என்றார் நானா. "இன்டைக்கும் யாரும் மவுத்தில்லன்டு செல்லித்தானே அனுப்பின? நானும் கேட்டுச் சிரிச்சேன்."

"நானா, அது பிழை. உங்களோட கம்பளையில பங்குக்குக் கடை நடத்தினவர் ஒராள் இருந்தவரல்லோ, இரும்புக் கடை?"

நானாவின் பக்கம் சட்டியில் எதுவோ பொரியும் சத்தம் கேட்டது.

"இன்னா லில்லாஹி..." என்று மெதுவாகச் சொல்லி முடித்தார். பிறகு, "எத்தின மணிக்கு?"

"பத்துக்கு" என்றேன் நான்.

"இப்ப மணி?"

"ஏழு முப்பத்தொன்டு."

"மகன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. "வேன எடு! சாப்பாடு பொறகு. வேன எடு!" தொலைபேசியைக் கீழே வைத்தாரா போட்டாரா தெரியவில்லை. செருப்புத் தேடும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா அந்த இணைப்பை மட்டும் வெட்டினார்.

"நேரம் கிடக்கு" என்றார். குரல் இருபது வயது குறைந்திருந்தது. "அடுத்தது வாசியுங்கோ. ஆருக்கு ஆர் வேணும் எண்டு எனக்குத் தெரியும்."

எட்டேகால் வரைக்கும் வாசித்தேன். மொத்தம் பதினொரு அறிவித்தல்கள். அன்றைய இரண்டுக்கும் ஆட்களைப் பிடித்துச் சொல்லிவிட்டார். மீதி ஒன்பதும் முடிந்துபோனவை. அவற்றில் எட்டு அவருடைய பதினான்கு பேரில் யாருக்கும் தெரியாதவர்கள். ஒன்று மட்டும் அப்படியில்லை. மஹய்யாவவிலேயே அக்காவுக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கும் ஒரு பெண்ணோடு, அவருக்குப் பார்வை போவதற்கு முன், நகரத்துத் தையல் நிலையம் ஒன்றில் பக்கத்து மெஷினில் பதினாறு வருடம் இருந்தவளின் இறுதிக் கிரியை திங்கட்கிழமை முடிந்திருந்தது. அக்கா அந்தப் பெண்ணையும் அழைப்புக்குள் எடுத்தார். நானே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னேன்.

"திங்கக்கெழம நான் சும்மாதாங்க வீட்டுல இருந்தேன்" என்றார் அவர். பிறகு அவரே, "கருமாதி என்னைக்குனு போட்டிருக்காங்களா, பாருங்க. அதுக்காவது போறோம்" என்றார். பார்த்துத் திகதியைச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு திகதியை அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு பத்து மணிக்கு அக்காவின் மேசைக்குப் போனேன். அவர் தேநீர் ஊற்றி வைத்திருந்தார், சீனி அதிகம். விலக்கு விதியைத் திறந்து அதன் எண்ணை மாற்ற உட்கார்ந்தேன்.

"என்ன நம்பர் குடுக்கப் போறீங்கள்? திருப்பியும் திகதியோ?"

"ஓம் அக்கா, திகதிதான். பழக்கம் உடுதில்ல. ஆனா ஒன்டாலயும் தாண்டேலாத திகதி. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், டிசம்பர் முப்பத்தொன்டு."

அக்கா கணக்குப் பார்ப்பது போல் முகத்தைக் கூரைப் பக்கம் உயர்த்தினார்.

"நல்லது. அதுக்குள்ள நாங்கள் எல்லாரும் அறிவித்தலில வந்திடுவம்."

எண்ணை மாற்றி, பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். வாசிப்புக் குரல் முதலில் அறிவித்தல்களைச் சொன்னது, பிறகு நேரே செய்திக்குப் போனது. கடன் இல்லை. வெள்ளை முகம் இல்லை. அதே நேரத்தில் அக்காவின் கைபேசி அடித்தது. கம்பளையிலிருந்து நானா.

"முகத்தப் பாக்கக் கண் இல்ல தங்கச்சி. ஆனா மய்யித்த ஊட்டுலேருந்து எடுக்கிறத்துக்கு முந்தி வந்துட்டோம். மகன் கையப் புடிச்சி சந்தூக்குல வெச்சான். நானும் தூக்கினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கம்பியூட்டர்காரத் தம்பி பக்கத்துல ஈக்கா?"

"ஓம், இருக்கிறார்."

"அவருக்குச் செல்லுங்க, விளம்பரத்தத் தடுக்கிறது நல்லந்தான். எங்கள மட்டும் தடுக்க வாணாம்."

வெள்ளிக்கிழமை காலை நான் ஆறரைக்கே மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஐம்பத்தொன்பதுக்குப் பதிவு வந்தது. முதலில் அக்கா ஐந்து நாள் பிழைக்கு மன்னிப்புக் கேட்டார். யாரால் என்று சொல்லவில்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "இன்றைய மரண அறிவித்தல்கள், மூன்று" என்றார்.

மூன்று என்று கொப்பியின் ஓரத்தில் எழுதினேன். அதைக் கேட்டு அத்தனை நிம்மதியடைந்த மனிதன் அன்று கண்டியில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.